டிடிஎஸ் மீட்டரா, சோதனைப் பெட்டியா, ஆய்வகமா?

பல்லடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஆற்றிலிருந்து குழாயில் வருவது நல்ல தண்ணீர். போரிலிருந்து ஏறுவது உப்புத் தண்ணீர். சென்ற கோடையில் பத்து நாட்களாக நல்ல தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணீர் கரிக்கவில்லை என்பதால் அம்மா அதில் துவரம் பருப்பை வேகவைத்துப் பார்த்தார். "குழைய வேகிறது கண்ணு, குடிக்கலாம்" என்றார். பருப்புச் சோதனையை நான் மதிக்கிறேன். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு விறைத்தே கிடக்கும். ஆனால் அது கடினத்தன்மையைத் தாண்டி எதையும் சொல்லாது. ஆகவே மற்ற வழிகளிலும் சோதித்தேன்.

டிடிஎஸ் என்பது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அதன் மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதைக் கணக்கிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. தோட்டத்துத் தண்ணீர் 430. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. எங்கள் போர் 1,600. கோவையில் சித்தி வீட்டுச் சிறுவாணித் தண்ணீரோ நூறைக்கூடத் தொடவில்லை. தொட்டியில் நல்ல தண்ணீரோடு உப்புத் தண்ணீர் கலந்துவிட்டதா என்று நொடியில் அறிய இதைவிட நல்ல கருவி இல்லை. கரைந்திருப்பது எந்த உப்பு என்று மட்டும் அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்பதும் தெரியாது.

அடுத்தது, மருந்து கலந்து நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இதில் பயிற்சி தர வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் ஊரில் பயிற்சி பெற்ற அக்கா ஒருவர் வந்தார். கடினத்தன்மைக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, சிவப்பு நீலமாகும் வரை எண்ணினார். குறைவாகவே வந்தது; அம்மாவின் பருப்பு சொன்னது சரி. அடுத்து, மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு. அதன் சோதனையில் நிறம் வெளுத்தது. அட்டையோடு ஒப்பிட்டால் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், உச்ச வரம்பு 1.5. மீட்டர் நல்லது என்று காட்டிய அதே தண்ணீர்!

பெட்டியின் குறை, கண்ணை நம்பியிருப்பது. மாலை வெளிச்சத்தில் ஒரு நிறம், காலையில் வேறொரு நிறம். மருந்தின் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். ஆனால் கிருமியைக் கொல்லச் சேர்த்து, குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினுக்குப் பெட்டிதான் சரி. குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டிய அது, ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்த்தது ஆய்வகம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் சோதிக்கலாம். பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்பினேன். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கி, ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோனேன். நாள் பிடிக்கும், அலைச்சலும் உண்டு. வந்த தாளில் ஃப்ளோரைடு 1.8, கால்சியம் குறைவு, சோடியம் மிகுதி. கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடை ஓரளவு படியச் செய்துவிடும். அது குறைந்த மென்மையான நீரில்தான் நம் கருங்கல் பாறைகளிலிருந்து கரையும் ஃப்ளோரைடு தங்குகிறது. பருப்பு குழைய வெந்ததும் ஃப்ளோரைடு மிகுந்ததும் ஒரே காரணத்தால்தான். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும்.

நீரின் உப்பை வடிகட்டும் ஆர்ஓ கருவியை விற்க வந்தவர், குழாய்த் தண்ணீரிலும் ஆர்ஓ நீரிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். அதை நான் சோதனையாகவே ஏற்கவில்லை. இரும்புக் கம்பி கரைந்துதான் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிறது. ஆர்ஓ நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாக நிற்கிறது. அதில் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னேன், அதுவும் பழுப்பானது. அச்சமூட்டி விற்கும் இந்த வித்தையைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் முதலில் ஆய்வகத்துக்குச் செல்லுங்கள் என்பேன். மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை போதும். இடைப்பட்ட மாதங்களில் மீட்டரின் எண் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். ஆற்றுத் தண்ணீர் மட்டுமே குடிக்கும் வீட்டுக்குக் குளோரின் சோதனையும் மீட்டரும் அன்றாடத்துக்குப் போதும்; கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம்.

அறிக்கையின் நகலைத் தோட்டத்துக்காரரிடம் கொடுத்தேன். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயதில் அவருக்கு இரண்டு பேரக் குழந்தைகள். மறுநாளே அவர்களுக்குக் குடிக்க எங்கள் வீட்டு ஆற்றுத் தண்ணீரிலிருந்து ஒரு குடம் போனது.