காசுக்குப் பெறுமதியா? பிரித்தானியா போகும் மாணவருக்கான கொரோனாக் காலப் பயணப் பொதி

2022 ஜனவரி வகுப்புக்குப் பிரித்தானியா போன பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்துப் பயண முகவர்கள் முழுப் பொதி ஒன்றை விற்றார்கள். விமான ரிக்கற், பிசிஆர் என்ற கொரோனாப் பரிசோதனைக்கான பதிவு, பயணிகள் விவரப் படிவம், கொரோனாக் காப்புறுதி, முகக்கவசமும் கிருமிநீக்கியும் அடங்கிய பை, கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வான் வண்டி. கடைக்குக் கடை பெயரும் விலையும் வேறு. உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எந்தக் கடையையும் சொல்லாமல் பொதியை மட்டும் பிரித்துப் பார்க்கிறோம். வானுக்கும் ரிக்கற்றுக்கும் காசு கொடுக்கலாம். காப்புறுதி பெரும்பாலும் வீண். படிவத்தை மட்டும் இன்னொருவர் கையில் விட்டிருக்கக்கூடாது.

முதலில் பிசிஆர். அது தேவையா என்றே பல இடங்களில் கேட்கவில்லை. புறப்படும் முன் பரிசோதனை எல்லாருக்கும் கட்டாயம் என்ற பிரித்தானிய விதி 2021 டிசெம்பர் 7 இல் வந்தது. இரண்டு கொரோனாத் தடுப்பூசியும் முறைப்படி போட்டவர்களுக்கு அது 2022 ஜனவரி 7 இல் நீங்கியது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் போட்ட சைனோபாம் என்ற சீனத் தடுப்பூசியையும் 2021 நவம்பர் 22 முதல் பிரித்தானியா ஏற்றது. ஆனால் கடைசி ஊசிக்கும் இங்கிலாந்தில் இறங்குவதற்கும் இடையில் முழுதாக 14 நாள் இருக்கவேண்டியிருந்தது. ஊசி போட்ட நாளை அதில் சேர்க்கவில்லை. கையால் எழுதிய ஊசி அட்டையை நம்பிப் போகாமல், சுகாதார அமைச்சு கியூஆர் குறியீட்டுடன் தந்த சான்றிதழை எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது. இடையில் விமானம் மாறியவர்கள் அந்த விமான நிறுவனம் பிசிஆர் கேட்கிறதா என்பதைத் தனியாக விசாரிக்கவேண்டியிருந்தது.

ஊசி முழுமையாகப் போடாதவர்களுக்குப் பரிசோதனை அப்போதும் இருந்தது. புறப்படும் நாளுக்கு முந்திய இரண்டு நாளுக்குள் மாதிரி கொடுக்கவேண்டியிருந்தது. சனிக்கிழமை விமானம் என்றால் வியாழனுக்கு முன் கொடுத்தது செல்லுபடியாகவில்லை. பொதிகள் இடறிய இடம் இதுதான். மாதிரியை யாழ்ப்பாணத்தில் எடுத்துக் கொழும்பு ஆய்வுகூடத்துக்கு வண்டியில் அனுப்பினால், இரண்டு நாளில் ஒரு நல்ல பங்கு ஏ9 வீதியிலேயே போய்விடும். வசதி இருந்தவர்கள் ஒரு நாள் முந்திப் போய்க் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ கொடுப்பது நல்லதாக இருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கவேண்டியிருந்தது. மாதிரி எடுத்த திகதி, பிறந்த திகதி, ஆய்வுகூடத்தின் பெயரும் தொடர்பு விவரமும் அதில் உள்ளனவா என்று வாங்கும் இடத்திலேயே பார்க்கவேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய தலையிடி பெயர். எங்கள் பெயர் முறை விமானக் கருமபீடத்துக்குப் பழக்கமில்லாதது. தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். பள்ளிக்கூடத்தில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் முழுப்பெயர். மாதிரி எடுக்கும் இடத்தில் தாதி "பெயர் என்ன தம்பி?" என்று கேட்க, பிள்ளை வீட்டில் கூப்பிடும் பெயரோடு ஒரு முதலெழுத்தைச் சொல்லும். அறிக்கையும் அப்படியே அச்சாகி வரும். பிரதீபன் என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை 'ஐ' போட்டும் எழுதலாம், இரட்டை 'ஈ' போட்டும் எழுதலாம். கடவுச்சீட்டில் ஒன்றும் ஊசிச் சான்றிதழில் மற்றதும் இருந்தால் கருமபீடத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். ஆகவே பெயரை வாயால் சொல்லவேண்டாம். கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தைப் பிரதி எடுத்து நீட்டுங்கள். ரிக்கற், ஊசிச் சான்றிதழ், பிசிஆர், படிவம் நான்கையும் மேசையில் பரப்பி, விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடவேண்டியிருந்தது. கடவுச்சீட்டு இலக்கத்தையும் அப்படியே. ஊசிச் சான்றிதழில் திருத்தம் வேண்டுமானால் நாளெடுத்தது, ஆகவே இதை விமானத்துக்கு இரண்டு கிழமை முந்தியே செய்யவேண்டியிருந்தது.

பிரித்தானிய அரசு கேட்ட பயணிகள் விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்பக் காசு இருக்கவில்லை. இங்கிலாந்தில் இறங்குவதற்கு முந்திய 48 மணித்தியாலத்துக்குள்தான் அதைச் சமர்ப்பிக்கமுடிந்தது. அங்கே இறங்கியபின் எடுக்கும் இரண்டாம் நாள் பரிசோதனைக்கான பதிவு இலக்கம் இல்லாமல் அது முடியவில்லை. அந்தப் பரிசோதனையை அங்குள்ள தனியார் நிறுவனம் ஒன்றிடம் புறப்படும் முன்பே காசு கட்டிப் பதியவேண்டியிருந்தது. ஊசி போட்டவர்களுக்கு 2022 ஜனவரி 9 முதல் விலை குறைந்த துரித அன்டிஜென் பரிசோதனையே போதுமாயிருந்தது. அதன்பிறகும் முகவர் பிசிஆர் விலை சொன்னால் அது பழைய பட்டியல். இறங்கும் நாள் பூச்சியம், அடுத்த நாள் ஒன்று என்றுதான் எண்ணினார்கள். முகவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் படிவத்தை நிரப்பினால் கியூஆர் குறியீடு அவருடைய பெட்டிக்குத்தான் வந்தது. நடுச்சாமத்தில் கட்டுநாயக்காவில் நின்றுகொண்டு அவரை எழுப்பமுடியாது. தங்கள் மின்னஞ்சலில் தாங்களே நிரப்பி, இரண்டு பிரதி அச்செடுத்தவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை.

விதி எவ்வளவு விரைவில் மாறும் என்பதைக் அதற்கு முந்திய வருடமே காட்டியது. 2021 யூன் 8 இல் இலங்கை பிரித்தானியாவின் பயணச் சிவப்புப் பட்டியலில் விழுந்தது, செப்ரெம்பர் 22 இல் வெளியே வந்தது. அந்த இடைவெளியில் போன பிள்ளைகள் விடுதித் தனிமைப்படுத்தலுக்கு 1,750 பவுண் கட்டினார்கள். ஓகஸ்ட் 12 முதல் அது 2,285 ஆனது. முகவர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தாள் எத்தனையாம் திகதியது என்று பார்க்கவேண்டியிருந்தது.

ரிக்கற் வாங்கும்போது கேட்கவேண்டியிருந்தது ஒரே கேள்வி. பரிசோதனையில் பொசிற்றிவ் வந்தால் திகதி மாற்ற எவ்வளவு, யார் மாற்றித் தருவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். குழுக் கட்டணத்தில் வாங்கிய ரிக்கற்றை விமான நிறுவனம் நேரே மாற்றாமல் முகவரிடமே திருப்பி அனுப்பலாம்.

காப்புறுதிக்கு வருவோம். மாணவர்கள் வீசாவோடு, அப்போது வருடத்துக்கு 470 பவுணாக இருந்த சுகாதாரக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் கொரோனாச் சிகிச்சைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. பயணம் தடைப்பட்டால் ரிக்கற் காசைத் திருப்பித் தரும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

முகக்கவசமும் கிருமிநீக்கியும் வந்த மருந்துப் பையில் நல்லதும் இருந்தது, பிழையும் இருந்தது. 500 மில்லிலீற்றர் கிருமிநீக்கிப் போத்தலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். கைப்பைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தல், பெரியது சூட்கேசுக்குள். ஐம்பது சத்திரசிகிச்சை முகக்கவசம் தந்தார்கள். நீண்ட விமானப் பயணத்துக்கு முகத்தோடு ஒட்டி நிற்கும் கேஎன்95 வகைக் கவசம் நான்கைந்து அதைவிட உதவும். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியைக் கடையிலேயே போட்டுப் பாருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் அளவைக் குழப்பலாம். பயணத்துக்கு முன் மருதாணி போடும் தங்கச்சிமார் ஒரு விரலையாவது விட்டுவைக்கவேண்டும். பனடோல், ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல் தூள், வெப்பமானி போதும். தொடர்ந்து எடுக்கும் மருந்து இருந்தால் மருந்தின் பொதுப் பெயர் எழுதிய ஆங்கில வைத்தியக் கடிதம் ஒன்று வேண்டும்.

சூட்கேசை வீட்டுத் தராசில் நிறுங்கள். அளவு 30 கிலோவா, 23 கிலோவில் இரண்டா என்பது ரிக்கற்றில் இருக்கும். மிளகாய்த்தூளை இரண்டு உறையில் இறுக்கிக் கட்டி உள்ளே வையுங்கள், கைப்பையில் வேண்டாம். பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மாவும் புழுக்கொடியலும் அதோடு போகலாம். நெய், பால்மா, இறைச்சி வற்றல் எதுவும் கொண்டுபோக முடியாது. கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் மணம் உடுப்பில் ஏறாமல் காற்றுப்புகாத உறை தேவை. கடவுச்சீட்டு, பல்கலைக்கழகக் கடிதம், காசநோய்ச் சான்றிதழ், அப்போதைய படிவத்தின் அச்சுப் பிரதி எல்லாம் கைப்பையில்.

வான்தான் பொதியில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் 2020 மார்ச்சில் நின்ற பயணிகள் சேவை 2022 ஜனவரியில் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. வவுனியா, அனுராதபுரம், புத்தளம் வழியாகக் கட்டுநாயக்காவுக்கு ஏழெட்டு மணித்தியாலம். வாசலில் வந்து ஏற்றி விமான நிலையத்தில் இறக்கிவிடும் வேலையை ஓட்டுநர்மார் பொறுப்பாகச் செய்தார்கள். குறை ஒன்றே. ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிய வானில் மூன்று குடும்பங்களை நெருக்கி ஏற்றினார்கள். வழியனுப்ப வருபவர்களைக் குறைத்து, இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேளுங்கள். விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் முந்தி அங்கே நிற்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வழியில் ரயர் காற்றுப்போனால் மாற்ற ஒரு மணித்தியாலத்தையும் கூட்டிப் புறப்படும் நேரத்தை நீங்களே சொல்லுங்கள். வாகன இலக்கத்தையும் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.