அப்பாரு வண்டிக்கு எந்த என்ஜின்?

தோட்டத்து வீடான சாளைக்குப் பின்னால் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே பத்து வருடமாக நின்ற டாடாமொபைல் 206 பிக்கப்பை இந்தத் தைக்குள் ரோட்டில் ஏற்றுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. 1988-இல் வந்த மாடல். அப்பாரு ஆசையாக வாங்கியது, அதனால் விற்கும் பேச்சே கிடையாது. எந்த என்ஜினோடு ஓட்டுவது என்பதில்தான் சண்டை.

உடுமலைப் பக்கம் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது பொலேரோ டிஐ என்ஜின்தான். 2523 சிசி. பழைய இன்டர்நேஷனல் டிராக்டர் என்ஜினின் வாரிசு அது. மூன்றரை அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), நாலு அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). அதனால் டிராக்டர் பட்டறைக்காரருக்கே கைவாகு தெரியும். சிக்கல் வேறு இடத்தில். டாடா கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் வைக்கும் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். அதில் மையம் ஒரு நூல் தள்ளிப்போனாலும் கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் தின்றுபோகும். சரி, கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றலாமே என்றால், "என்ஜினை இறக்கறது பெருசில்லீங் தம்பி, கியர் லீவரு எங்க வந்து நிக்குதுன்னு பாத்துக்குங்க" என்றார் எங்கள் மெக்கானிக். அதோடு நான் அந்த யோசனையை விட்டேன்.

மச்சான் கட்சி 407 கட்சி, டாடாவின் சின்ன லாரி என்ஜின். டாடாவின் என்ஜின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் விஷயம் பாதி புரிந்துவிடும்: முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை, மீதி போர் அளவு மில்லிமீட்டரில். எங்கள் வண்டியில் இருப்பது 483, அதாவது நாலு சிலிண்டர், 83 மி.மீ., 1948 சிசி. 407-இல் வந்த 497 என்பது 97 மி.மீ., 2956 சிசி. ஒரு லிட்டர் கூடுதல்! இரண்டு டன் தேங்காயோடு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறுகிறவருக்கு அது சொர்க்கம்தான். ஆனால் 483 நாலாயிரம் சுற்றைத் தாண்டிச் சுற்றும் என்ஜின். 497-இன் ஓட்டம் மூவாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும். பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் கிரவுன் பினியன் பல்சக்கரம் அதேதான் என்றால், டாப் கியரில் என்ன மிதித்தாலும் வேகம் ஏறாது. அப்புறம் கிரவுனை மாற்று, கனத்த என்ஜினுக்கு முன் சஸ்பென்ஷனை மாற்று, பிரேக்கையும் பார் என்று நீளும். எங்கள் தோட்டத்திலிருந்து மண்டி பதினாலு கிலோமீட்டர், வழியில் மேடே இல்லை. மச்சானுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

மிச்சம் இருப்பது பழைய 483-ஐயே கழற்றிச் செய்வது. ஹெட்டைத் தூக்கிவிட்டு சிலிண்டரின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினேன். நகம் தட்டி நின்றது. அவ்வளவு தேய்மானம். இருந்தாலும் பிளாக்கில் விரிசல் இல்லை; ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்பச் சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்துவிடலாம். சுமோவிலும் முதலில் வந்தது இதே 483 என்பதால் சாமான் கோவை உக்கடத்தில் தேடினால் அகப்படுகிறது. இதன் குறையையும் மறைக்கக் கூடாது: மார்கழி விடியலில் ஹீட்டர் பிளக் சூடாகாமல் இது கிளம்பாது, இழுவையும் சுமார்தான். டர்போ வைத்த 483 ஒன்று சபாரியில் வந்தது. இழுக்கும், ஆனால் நல்ல நிலையில் கிடைத்தால்தானே.

டீக்கடையில் யாரும் பேசாதது ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி என்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பொலேரோவும் 407-உம் அங்கேயே இடிக்கும். பழைய பிளாக்கை வைத்துக்கொண்டால் என்ஜின் எண் அப்படியே இருக்கும். ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிளாக் போன வாரம் கோவையில் போரிங் முடிந்து வந்துவிட்டது. மச்சான் வந்து சுற்றிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. ஹீட்டர் பிளக்குக்கு மின்சாரம் விடும் ரிலே ஒன்றுதான் இன்னும் அகப்படவில்லை.