அப்பாவின் மாருதிக்கு மறுபதிவு

2025 ஜனவரியில் பொங்கலையொட்டி மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, தஞ்சைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் கொட்டகையில் தார்ப்பாய் மூடிக் கிடந்த அப்பாவின் மாருதி 800 காரைச் சட்டப்படி சாலைக்குக் கொண்டுவருவதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டேன். அப்பா 2022 ஆகஸ்டில் காலமானார். அதன் பிறகு வண்டியை யாரும் எடுக்கவில்லை. 2008 மார்ச்சில் பதிவு செய்த கார் என்பதால் அதன் பதினைந்து ஆண்டுப் பதிவு 2023 மார்ச் 18ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புகைச் சான்றும் காப்பீடும் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தன. ஆக, ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது பதிவில்லாத வண்டிதான். உரிமையாளரும் உயிரோடு இல்லை. வெளிநாட்டிலிருந்து குறுகிய விடுப்பில் வந்து இதே நிலையில் நிற்கும் ஒருவருக்குப் பயன்படும் என்பதால், நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

உறவினர்கள் பலரும் முதலில் சொன்னது, பதினைந்து ஆண்டு முடிந்த காரை உடைக்கத்தான் கொடுக்க வேண்டும் என்பதே. இது தில்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்தையும் பற்றிய செய்திகளிலிருந்து பரவிய எண்ணம். பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் அங்கே விதிக்கப்பட்ட தடை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டி ஓடத் தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பிப்புக்கு 25ஆம் எண் படிவமும், உரிமையாளர் இறந்து வாரிசின் பெயருக்கு மாற்றுவதற்கு 31ஆம் எண் படிவமும் வேண்டும். இறப்பை முப்பது நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. துக்கம் நடந்த வீட்டில் அந்த நேரத்தில் காரின் நினைவு யாருக்கு வரும்? எங்களுக்கும் வரவில்லை.

நான் இருபது ஆண்டுகளாக வசிக்கும் இங்கிலாந்தில், மூன்று வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனைக்கு முன்கூட்டியே நேரம் குறித்திருந்தால், சான்று காலாவதியான காரையும் அந்தச் சோதனைக்காக ஓட்டிச் செல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தப் பழக்கத்தில், பக்கத்து ஊர் மெக்கானிக் பட்டறை வரைதானே என்று காரை எடுக்க இருந்தேன். நல்லவேளையாக, வழக்கறிஞரான என் மைத்துனர் தடுத்துவிட்டார். பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை 39ஆவது பிரிவு தடுக்கிறது. முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தற்காலிகப் பதிவு முடிந்த ஒரு கார் திருடுபோன வழக்கில், பதிவு இல்லாமல் ஓட்டியது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறியதாகும் என்று கூறி, இழப்பீடு தரத் தேவையில்லை என 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அவர் எடுத்துச் சொன்னார். எனவே ஒவ்வொரு முறையும் ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் காரைக் கொண்டுபோனோம். “யாரு சார் பிடிக்கப் போறாங்க, நாலு கிலோமீட்டர்தானே” என்றார்கள். அந்த நாலு கிலோமீட்டரில் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதினால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

பட்டறைக்காரர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். பானெட்டைத் திறந்ததும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கட்டியிருந்த கூட்டை எடுத்துக் காட்டினார்: வைக்கோல், பழைய சாக்கின் நூல், எங்கள் வீட்டுத் திரைச்சீலையின் ஒரு துண்டு. பிறகு பெட்ரோல் குழாயைக் கழற்றிக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தேநீர் நிறத்தில் இருந்தது. வாடை பெட்ரோல் வாடையாகவே இல்லை. “ரெண்டரை வருஷம் நின்ன பெட்ரோல் வார்னிஷாத்தான் இருக்கும் தம்பி, இதைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினா இன்ஜெக்டர் அடைச்சுக்கும்” என்று சொல்லி டாங்கை முழுவதும் காலி செய்தார். பேட்டரி, மூன்று ஸ்பார்க் பிளக்குகள், ஆயில், வெடிப்பு விட்டிருந்த நான்கு டயர்கள், இறுகிப்போன பின்சக்கர பிரேக் சிலிண்டர்கள் என்று மாற்ற வேண்டியவற்றையெல்லாம் மாற்றினோம். 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின் மூன்றாவது முயற்சியில் உயிர் பெற்றது.

புகைச் சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் வண்டியை நிறுத்திய நிலையில் ஐடிலிங்கில் ஓடவிட்டு, சைலன்சர் முனைக்குள் கருவியின் குழாயைச் செருகி, வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அளக்கிறார்கள். பாரத் ஸ்டேஜ் 2, 3 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் தயாரான நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். அளவையும் தாண்டக் கூடாது. அதற்கும் முந்தைய தலைமுறை கார்களுக்கு 3 சதவீதம், 1,500 பி.பி.எம். வரை சலுகை உண்டு. எங்கள் காருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜனவரி 10ஆம் தேதி நடந்த முதல் சோதனையில் கார்பன் மோனாக்சைடுக்குத் திரையில் வந்த எண் 1.84. ஹைட்ரோகார்பனும் எல்லையைத் தாண்டியிருந்தது.

அங்கே எனக்கு ஒரு யோசனை கிடைத்தது. சோதனை நிலையத்தில் நின்ற ஒருவர், வேறொரு காரின் வாயுவை அளந்து எங்கள் எண்ணுக்குச் சான்று வாங்கிவிடலாம், கூடுதலாகச் சில நூறு ரூபாய் செலவாகும் என்றார். நான் மறுத்துவிட்டேன். அந்தச் சான்றால் பயன் என்ன? கார் எங்கள் தெருவில்தான் ஓடப்போகிறது. அதன் புகை அம்மாவும் அடுத்த வீட்டுக் குழந்தைகளும் சுவாசிக்கும் காற்றில்தான் கலக்கப்போகிறது. இப்போது சோதனையின்போது நம்பர் பிளேட் தெரியும்படி வண்டியைப் படமெடுத்துப் பதிவேற்றுகிறார்கள் என்பதால் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் குறையும் என்று நம்புகிறேன்.

மெக்கானிக் இரண்டு காரணங்களைக் கண்டுபிடித்தார். ஒன்று, ஆக்சிஜன் சென்சார் செயலிழந்து, தேவைக்கு மேல் பெட்ரோல் எஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றொன்று, காரை ரெக்கவரி வண்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு சோதனைக்குக் கொடுத்தது. ரெக்கவரியில் வந்த வண்டிக்குச் சூடு ஏது? கேடலிடிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி வெப்பம் ஏறிய பிறகுதான் கார்பன் மோனாக்சைடை எரித்துக் கரியமில வாயுவாக மாற்றத் தொடங்கும். ஆறிய எஞ்சினில் அது வெறும் இரும்புக் குடுவை. சென்சாரை மாற்றி, 13ஆம் தேதி போகியன்று, சோதனை நிலைய வளாகத்திலேயே இருபது நிமிடம் எஞ்சினைச் சற்றே ரேஸ் செய்து சூடேற்றிய பிறகு குழாயைச் செருகினார்கள். 0.28 சதவீதம், 190 பி.பி.எம். இதை அறிந்திருந்தால் முதல் முறையே ஒரு நாளையும் ஒரு ரெக்கவரி வாடகையையும் மிச்சப்படுத்தியிருக்கலாம்.

சான்று அச்சாவதற்கு முன், வண்டியின் பதிவோடு இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. போகும் என்றார் சோதனை நிலையப் பெண். அப்பா கடைசியாக 2021இல் புகைச் சான்று எடுத்தபோது கொடுத்த எண் அது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்; இறந்தவரின் சிம் ரத்தாகி வேறு யாருக்கோ போயிருக்கும். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது, “உங்க அப்பா போன்லதான் வந்திருக்குடா, ஆறு நம்பர், சொல்லட்டுமா?” என்றார் அம்மா. இரண்டரை ஆண்டாக அந்த எண்ணுக்கு அவர் ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. அன்று மாலையே பரிவாஹன் என்ற அரசின் வாகனச் சேவை இணையதளத்தில் எஞ்சின் எண், சேஸிஸ் எண் முதலியவற்றைக் கொடுத்து அம்மாவின் எண்ணுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் அப்பாவின் எண்ணை நிறுத்தச் சொல்லவில்லை.

காப்பீட்டில் ஒரு முடிச்சு விழுந்தது. அம்மா பெயரில் ஆர்.சி. இருந்தால்தான் பாலிசி என்றார் முகவர். பாலிசி இருந்தால்தான் பெயர் மாற்றம் என்றது அலுவலகம். முகவரை விட்டுவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நானும் தங்கையும் ஆட்சேபம் இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவற்றோடு போனபோது முடிச்சு அவிழ்ந்தது. 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் 2,094 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 2,471 ஆனது. ஆனால் பொங்கல் குறுக்கே வந்தது. அவ்வாண்டு 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக்கியதால் 14 முதல் 19 வரை ஆறு நாட்கள் எதுவும் நகரவில்லை. பாலிசி கைக்கு வந்தது 20ஆம் தேதி திங்கட்கிழமை காலையில்.

அந்த ஆறு நாட்களுக்கு ஒரு விலையும் இருந்தது. புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு 5,000. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தனி. மாதத்தில் ஒரு நாள் கூடினாலும் முழு மாதமாகவே கணக்கு. 18ஆம் தேதிக்குள் விண்ணப்பித்திருந்தால் 22 மாதம். 20ஆம் தேதி விண்ணப்பித்ததால் 23 மாதம். 11,500 ரூபாய் தாமதக் கட்டணம் மட்டும் கட்டினோம், அதாவது புதுப்பிப்புக் கட்டணத்தின் இரு மடங்குக்கும் மேல். பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் பெயர் மாற்றக் கட்டணமும் இதற்கு மேல். பதிவு முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதை நாங்கள் ஒரு முறை பார்த்திருந்தால் இந்தத் தாமதக் கட்டணம் முழுவதும் மிஞ்சியிருக்கும். 2025 ஆகஸ்டிலிருந்து இருபது ஆண்டு கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்துள்ளதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அலுவலக வாசலில் ஒரு தரகர் எல்லாவற்றையும் சேர்த்து 30,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. புதுப்பிப்பு, பெயர் மாற்றம் இரண்டையும் சேர்த்தே இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டினேன். இடையில் இரண்டு முறை பணம் போய் ரசீது வராமல் நின்றது. மறுநாள் தானாகச் சரியானது. இந்த இடத்தில் பதறி மூன்றாவது முறை கட்டிவிடக் கூடாது.

22ஆம் தேதி வண்டியைக் காட்டினோம். எங்கள் ஊரில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே இன்றும் சொல்வார்கள். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் குத்தியிருந்த சேஸிஸ் எண்ணைப் பார்த்தார். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடியிருந்ததால் இரண்டு எழுத்துகள் தெரியவில்லை. மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கத் தேய்க்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. அது ஆர்.சி.யோடு ஒத்துப்போயிற்று. ஆனால் ஒரு பக்க வைப்பர் அசையவில்லை, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். அன்று எனக்கு வருத்தமாக இருந்தாலும், அவர் குறித்த இரண்டுமே உண்மையான குறைகள். வண்டியை ஏறிட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டியிருந்திருக்கும். பொங்கல் விடுமுறைக்கு ஈடாக வேலைநாளாக அறிவிக்கப்பட்ட 25ஆம் தேதி சனிக்கிழமை மறுபடி காட்டினோம், தேறிவிட்டது. இரண்டு நாள் கழித்து நான் விமானம் ஏறினேன்.

புதிய ஆர்.சி. இப்போது நேரில் தரப்படுவதில்லை. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகிறது. தபால்காரர் வரும்போது முகவரிக்குரியவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால், அம்மா பத்து நாட்கள் காலையில் கோயிலுக்குப் போவதை மாலைக்கு மாற்றிக்கொண்டார். அட்டை வந்த அன்று அதைப் படமெடுத்து அனுப்பினார். அவர் பெயருக்குக் கீழே பழைய அதே எண், இன்னும் ஐந்தாண்டுக்கு. இந்த வகை வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதத்துக்குத்தான் என்பதால், அடுத்த சோதனை நாளான ஜூலை 12ஐத் தங்கை மகன் நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் “எஞ்சினைச் சூடேற்றிக் கொண்டுபோகவும்” என்று எழுதி வைத்திருக்கிறான்.