பாங்கொக்கில் ஒரு நாள்: வெள்ளவத்தைக் குழுச் சுற்றுலா

வெள்ளவத்தையிலுள்ள பயண முகவர் ஒருவரின் ஏற்பாட்டில், பெரும்பாலும் ஓய்வூதியர்களான நாங்கள் 22 பேர், கடந்த மாசி மாதம் பாங்கொக் நகரை ஒரு நாள் சுற்றிப் பார்த்தோம். 1782இல் முதலாம் இராமா மன்னர் கட்டத் தொடங்கிய பெரிய அரண்மனைக்குக் காலையிலேயே அழைத்துச் சென்றதால், வெயில் ஏறுமுன் மரகத புத்தர் ஆலயத்தை நிதானமாகத் தரிசிக்க முடிந்தது. தோளும் முழங்காலும் மறையுமாறு உடுத்த வேண்டுமெனக் கொழும்பிலேயே அறிவுறுத்தியிருந்தமை பாராட்டுக்குரியது. வாட் போ என்ற பௌத்த ஆலயத்தில் 46 மீற்றர் நீளமான சயன புத்தரின் பாதங்களில், முத்துச்சிப்பி பதித்து அமைக்கப்பட்ட 108 மங்கலச் சின்னங்களை வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். மதிய உணவு சுமார்தான்.

என் மனக்குறை வேறு. 1935 வரை ஊஞ்சல் விழா நடைபெற்ற ராட்சத ஊஞ்சலைப் பேருந்துக்குள் இருந்தபடியே காட்டிவிட்டு, அதனருகே 1784இல் நிறுவப்பட்ட பிராமண ஆலயமான தேவஸ்தானத்தில் நிறுத்தாமலே சென்றுவிட்டார்கள். அவ்விழாவின் பெயரான திரியம்பாவாய் நமது திருவெம்பாவையிலிருந்து பிறந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மார்கழி விடியலில் அப்பாடல்களைப் பாடி வளர்ந்த எங்களுக்கு அங்கே பத்து நிமிடமாவது தந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எவரும் கேட்காத இரத்தினக்கல் கடையொன்றில் ஒரு மணி நேரம் வீணானது. மாலையில் சீலோம் வீதி மாரியம்மன் கோவிலில் நின்றபோதுதான் மனம் ஆறியது. முன்பதிவு செய்பவர்கள், கடையை நீக்கித் தேவஸ்தானத்தைச் சேர்க்குமாறு முகவரிடம் எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள்.