கறுத்த காட்டனில் ப்ளீச் ஓவியம்: கடையில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

பழைய கறுப்பு டி-ஷர்ட், நேவி ப்ளூ குர்தா, அடர் மெரூன் துப்பட்டா ஆகியவற்றின் மேல் ப்ளீச்சால் கோடு போடலாம், புள்ளி வைக்கலாம், அச்சுப் பதிக்கலாம். சாயம் பூசுவதற்கு நேரெதிரான வேலை இது. துணியில் ஏற்கெனவே இருக்கும் சாயத்தை வேண்டிய இடத்தில் மட்டும் அழிக்கிறோம். இதற்கென்று தனிப் பொருள் எதுவும் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. மளிகைக் கடை, மெடிக்கல், வண்ணமீன் கடை என்று பிரித்துப் பிரித்து வாங்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொன்றும் துணியில் என்ன செய்கிறது என்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மணமோ சோப்போ கலக்காத, தண்ணீர் போன்ற துணி ப்ளீச் ஒரு பாட்டில். மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில். நைலான் தூரிகை ஒன்று. இந்த மூன்றும் போதும். இதில் பலரும் வாங்காமல் விடுவது பெராக்சைடைத்தான். படம் அழகாக வந்த சட்டை மூன்றாவது நான்காவது துவைப்பில் கோட்டோடு கோடாகக் கிழிவதற்குக் காரணமும், மிச்ச ப்ளீச்சை முறிக்கும் அது இல்லாததே.

முதலில் துணி ப்ளீச். ரின் ஆலா போன்ற பாட்டில்களில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படுபவை பொதுவாக 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கும். இந்த வேலைக்கு நமக்குத் தேவைப்படுவது சுமார் 2 சதவீதம். ஆகவே ஒரு பங்கு ப்ளீச், ஒரு பங்கு தண்ணீர். மல் போன்ற மெல்லிய துணி என்றால் ஒன்றுக்கு மூன்று தண்ணீர். அப்படியே ஊற்றினால் சீக்கிரம் வெளுக்கும் என்பது உண்மைதான், ஆனால் நூலும் சேர்ந்து போகும். சாயம் போன பிறகு மிச்சமிருக்கும் ப்ளீச் சும்மா இருக்காது, பருத்தியையே தின்னத் தொடங்கும்.

வாங்கும்போது விலையைவிடத் தயாரிப்புத் தேதிதான் முக்கியம். ஹைப்போகுளோரைட் வெயிலிலும் வெக்கையிலும் தானாகவே வலு இழக்கும். நம் ஊர் மே மாதத்தில் கடை வாசல் அலமாரியில் நின்ற பாட்டிலுக்கும், இரண்டு மாதத்துக்கு முன் தயாரான பாட்டிலுக்கும் துணியில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த சில வாரங்களில் தீர்த்துவிடுவது நல்லது.

சுத்திகரிப்புப் பொருள் மொத்தக் கடைகளில் 5 லிட்டர் கேனில் கிடைக்கும் ஹைப்போ 10 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து செய்தால் அது கட்டுப்படியாகும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். வலு கூடின கரைசல் இன்னும் வேகமாகக் கெடும், கையில் பட்டால் எரியும், கேனிலிருந்து சாய்க்கும்போது தெறிக்கும். ஒரு சட்டை இரண்டு சட்டைக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ப்ளீச்சிங் பவுடர் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, விலையும் மிகக் குறைவு. புதிய பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் சத்து இருக்கும், பொட்டலம் பிரிந்து கிடந்தால் அது வேகமாக இறங்கும். சிக்கல் வேறு இடத்தில். இது முழுதாகக் கரையாது. கரையாத ஒரு மணி துணியில் ஒட்டினால் அந்த இடத்தில் மட்டும் வலு பல மடங்கு ஏறி, ஊசி முனை அளவில் ஓட்டை விழும். அடியில் தங்கும் சுண்ணாம்பு ஸ்ப்ரே பாட்டிலையும் அடைக்கும். வேறு வழியில்லை என்றால் 50 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடாமல் திறந்தவெளியில் அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, அதோடு பாதியளவு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்துங்கள். பெரிய துணியை மொத்தமாக முக்கி வெளுக்க இது பரவாயில்லை. கோட்டு வேலைக்கு வேண்டாம்.

கெட்டியான டாய்லெட் கிளீனர் துணியில் பரவாமல் நிற்கும் என்பதால் சிலர் அதைப் பேனா போலப் பயன்படுத்துகிறார்கள். இங்கே நிறுத்திக் கவனியுங்கள். ஒரே அலமாரியில் இரண்டு வகை இருக்கும். ஹார்பிக்கின் வழக்கமான நீல பாட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சாயத்தை ஒழுங்காக எடுக்காது, பருத்தியைப் பொடிப்பொடியாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ப்ளீச் பட்ட துணியில் அது பட்டால் அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்ட கெட்டி கிளீனரால் சாயம் போகும் என்றாலும், அதில் உள்ள சோப்பும் வாசனையும் அலசி அலசிப் போகாது. எது எது என்று சரியாகத் தெரியாவிட்டால் இந்த அலமாரிப் பக்கமே போகாதீர்கள்.

கெட்டியான ப்ளீச்சை வீட்டிலேயே செய்யலாம். ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளோரை 100 மில்லி தண்ணீரில் கலக்கிக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு சம அளவு ப்ளீச் கலக்குங்கள். சூட்டோடு கலந்தால் ப்ளீச் வீணாகும், நெடியும் கிளம்பும். ஹைப்போகுளோரைட் மாவுச்சத்தையும் அரிக்கும் என்பதால் அரை மணி நேரத்தில் கூழ் நீர்த்துவிடும். அவ்வப்போது கொஞ்சமாகச் செய்துகொள்வதுதான் வழி. கோலப் படி அச்சும் ஸ்டென்சிலும் வைத்துச் செய்ய இந்தக் கூழ் மிகவும் உகந்தது.

வானிஷ் போன்ற ஆக்சிஜன் வகைப் பொடிகள் கறை எடுக்கும், துணிச் சாயத்தை விட்டுவைக்கும். அதற்காகவே செய்யப்பட்டவை அவை. இங்கே பயனில்லை.

இனி துணி. நூறு சதவீதப் பருத்தி வேண்டும். லேபிள் கிழிந்துபோயிருந்தால் உள் தையலோரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியெஸ்டர் கலந்தது, அதில் நிறம் அரைகுறையாகத்தான் இறங்கும். லெகிங்ஸ் போல இழுபடும் துணியில் உள்ள எலாஸ்டேனை ப்ளீச் கொன்றுவிடும், துணி தொளதொளத்துப் போகும். பட்டும் கம்பளியும் ப்ளீச்சில் கரைந்தே போகும். பட்டு கலந்த பார்டரும் ஜரிகையும் இருக்கும் சேலையைத் தொடாதீர்கள்.

கறுப்பு என்ன நிறமாக மாறும் என்பதை சாயம்தான் முடிவு செய்யும், ப்ளீச் அல்ல. திருப்பூர் பனியன் துணியில் ரியாக்டிவ் என்ற வகைச் சாயத்தின் கறுப்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் செம்பழுப்பு, ஆரஞ்சு என்று வரும். சல்ஃபர் கறுப்பு மணல் நிறத்துக்கும் காபி நிறத்துக்கும் இறங்கும். இண்டிகோ ஜீன்ஸ் வெளிர் நீலம் வழியாக மஞ்சள் சாய்ந்த வெள்ளைக்குப் போகும். இண்டிகோ அல்லாத மற்ற வாட் வகைச் சாயம் ஏறிய துணி பல நேரம் அசையவே அசையாது. மெரூனும் பச்சையும் சொல்ல முடியாத வகை. பால் வெள்ளை வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டைதான் வரும். ஓரத்தின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். அந்த நிறம் பிடித்திருந்தால் தொடருங்கள். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் அது கறுப்பாகவே நிற்கும். நிறம் இறங்கிய துணியில் தையல் கோடுகள் எடுப்பாகத் தெரிவது ஒரு தனி அழகு.

துணியைத் துவைத்து, கஞ்சியும் கம்ஃபர்ட்டும் போக அலசி, நன்றாகக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சி மிச்சம் இருந்தால் ப்ளீச் அதைத் தின்பதிலேயே வீணாகி நிறம் திட்டுத்திட்டாக இறங்கும். ஈரம் இருந்தால் கோடு கசியும். சட்டைக்குள் பாலித்தீன் சுற்றிய அட்டையைச் செருகுங்கள். செய்தித்தாள் போதாது, ஊறி முதுகுப் பக்கத்துக்கும் படம் இறங்கிவிடும்.

கரைசலுக்கு போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதில் இரும்பு இருந்தால் ப்ளீச் பட்டதும் துருவாகப் பிரிந்து துணியில் பழுப்பு ஏறும், அது பிறகு எளிதில் போகாது. குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள்.

தூரிகை கட்டாயம் நைலான். முடித் தூரிகை பட்டைப் போலவே புரதம், ப்ளீச்சில் கொழகொழத்துக் கரையும். மெல்லிய கோட்டுக்கு ஈர்க்குச்சியை மிஞ்சியது இல்லை. புள்ளிக்குக் காது குடையும் பட்ஸ் சரி, ஆனால் முக்கியதும் பாட்டில் விளிம்பில் அழுத்தி வழித்துவிடுங்கள். பனியன் துணியில் 2 மில்லிமீட்டர் கோடு 4, 5 மில்லிமீட்டராக விரியும். நெருக்கமாக நெய்த பாப்ளினில் விரிவு குறைவு. புள்ளிக் கோலம் போடுவதாக இருந்தால் புள்ளிக்குப் புள்ளி இடைவெளியை இந்த விரிவுக்கும் சேர்த்தே கணக்கிடுங்கள். வைத்த கணத்தில் வெறும் ஈரமாகத் தெரிவதைப் பார்த்து, போதவில்லை என்று மேலே மேலே பூசுவது எல்லோரும் செய்வது. ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் ஈரத்தின் நடுவிலிருந்து செம்பழுப்பு விளிம்பை நோக்கி நகர்வது தெரியும்.

ஸ்டென்சிலுக்கு மாஸ்கிங் டேப் ஈரத்தில் விட்டுப்போகும். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடைகளில் வினைல் தாளில் படத்தை வெட்டச் சொல்லுங்கள். அது துணியோடு நன்றாக ஒட்டும், விளிம்பு கூர்மையாக வரும். ஸ்ப்ரே செய்யும்போது ஓரடி தூரத்திலிருந்து, நனையும் அளவுக்கு அல்ல, தூவும் அளவுக்கு. பனி போன்ற நுண்தூவல் மூச்சில் போகும் என்பதால் பெரிய துளியாக வரும்படி முனையைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்குடி போல முடிச்சுப் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. மதுரைச் சுங்குடியில் முடிச்சுக்குள் சாயம் போகாமல் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ப்ளீச்சில் முக்கினால் முடிச்சு கறுப்பாகவே நின்று, சுற்றியுள்ள துணியெல்லாம் வெளுத்துவிடும். கறுப்பில் வெளிர்ப் புள்ளி வேண்டும் என்றால் முடிச்சின் நுனியை மட்டும் கரைசலில் தொட்டு எடுக்க வேண்டும்.

வேலையை நிழலில் செய்யுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் நன்றாக வெளுக்கும் என்று நினைப்பது தவறு. தண்ணீர் ஆவியாகி ப்ளீச் துணியிலேயே செறிந்து நூலை அரிக்கும். 5 நிமிடத்தில் பாருங்கள், 10 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே எடுத்துவிடுங்கள். அலசுவதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

நிறுத்துவதுதான் இதில் பாதி வேலை. முதலில் குழாயடியில் தாராளமாக அலசுங்கள். பிறகு பெராக்சைடு. மெடிக்கலில் 6 சதவீதம் என்று கிடைப்பதை 100 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, துணியை 10 நிமிடம் ஊறவையுங்கள். போட்டதும் படத்தின் கோடுகளின் மேல் மட்டும் பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். மிச்ச ப்ளீச்சும் பெராக்சைடும் சேர்ந்து உப்பும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிகின்றன. குமிழி நின்றால் ப்ளீச் தீர்ந்தது என்று அர்த்தம். வேறெந்தப் பொருளும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லாது, அதனால்தான் பெராக்சைடுக்கு முதலிடம். ப்ளீச், பெராக்சைடு இரண்டையும் தண்ணீர் விடாமல் நேராகக் கலக்கவோ பாட்டிலில் மூடவோ கூடாது, பொங்கி வெடிக்கும்.

அடுத்த தேர்வு சோடியம் தயோசல்ஃபேட். வண்ணமீன் கடையில் தண்ணீரின் குளோரினை எடுக்க விற்கும் கற்கண்டு போன்ற படிகம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போதும். பெராக்சைடைவிட மலிவு, ஆனால் முடிந்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. இதையும் சிலர் ஹைப்போ என்பதுண்டு. சுத்திகரிப்புக் கடையில் ஹைப்போ கேட்டால் ப்ளீச்சையே கொடுப்பார்கள், முழுப்பெயர் சொல்லியே கேளுங்கள்.

வினிகர் ப்ளீச்சை முறிக்கும் என்று வீடியோக்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முறிக்காது. வினிகரோ எலுமிச்சையோ சேர்ந்தால் கரைசலின் காரத்தன்மை இறங்கி ப்ளீச் இன்னும் உக்கிரமாகும். பருத்தி நூல் மிக வேகமாகக் கெடுவது அந்த நடுநிலைப் பக்கத்தில்தான். இன்னும் அமிலமானால் குளோரின் வாயு. அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் கூடாது. மருத்துவ முகக்கவசமும் என்95-உம் வாயுவைத் தடுக்காது. மொட்டை மாடியின் நிழல், ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. இவை போதும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மிச்சக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ எடுத்து வைக்காதீர்கள், நிறைய தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள். ஸ்ப்ரே பாட்டிலையும் கழுவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருவேறி அடுத்த துணியில் துருப்புள்ளி விழும்.

முடித்த துணியைச் சோப்புத்தூளில் ஒருமுறை தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போட்டதும் படத்தின் மேல் மஞ்சள் ஏறினால் நூல் ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அடுத்த துணிக்கு நேரத்தைக் குறைக்காமல் கரைசலை இன்னும் ஒரு பங்கு தண்ணீரால் இளக்குங்கள். நேரத்தைக் குறைத்தால் நிறம் திட்டாக நிற்கும்.