புலனமா, இணைய வாசலா, கடிதமா, திறந்த நாளா, தொலைபேசியா? இடைநிலைப்பள்ளிச் சேதி தோட்டத்து வீடுகளுக்குச் சேரும் வழிகள்

பிள்ளை தமிழ்ப்பள்ளியில் இருக்கும் ஆறு ஆண்டுகளில், பள்ளியில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளப் பெற்றோர் பெரிதாக அலைய வேண்டியதில்லை. ஆசிரியரைக் கோயிலில் பார்க்கலாம், சந்தையில் பார்க்கலாம். "உங்க பையன் கணக்குல கொஞ்சம் பின்னால இருக்கான்மா, பார்த்துக்குங்க" என்று அவரே நிறுத்திச் சொல்லிவிடுவார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் எல்பில், ஹேவூட், டோவன்பி எனத் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகளுக்கு இந்த நெருக்கம் கூடப் பிறந்தது. பிறகு பிள்ளை டவுனில் இருக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் புதுமுக வகுப்புக்கோ (முதலாம் படிவத்துக்கு முந்தைய ஓராண்டு ஆயத்த வகுப்பு) முதலாம் படிவத்துக்கோ போகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர், எல்லாம் மலாயில், முகம் தெரியாத அலுவலகம். அதுவரை தானாக வந்துகொண்டிருந்த சேதி நின்றுபோகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையும் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பிக்காது.

இந்த இடைவெளியை அடைக்கப் பள்ளிகள் கையாளும் வழிகள் ஐந்து. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் எது சிறந்தது என்ற பேச்சு அடிக்கடி எழும், முடிவில்லாமல் கலையும். பள்ளியிலிருந்து வரும் சேதி இரண்டு வகைப்படும் என்பதை யாரும் பிரித்துப் பார்க்காததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒன்று எல்லாருக்குமான சேதி: விளையாட்டுப் போட்டி எப்போது, புத்தகத்தை என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பவை. மற்றது உங்கள் பிள்ளையைப் பற்றியது: மலாய்க் கட்டுரை எழுத வருகிறதா, ஓய்வு நேரத்தில் யாரோடு உட்காருகிறது, ஏன் வாரா வாரம் திங்கட்கிழமை வருவதில்லை என்பவை. முதல் வகைக்கு ஏற்ற வழி இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒத்துவராது.

பிள்ளையைப் பற்றிய சேதிக்கு இன்று முன்பைவிட அதிக மதிப்பு உண்டு. 2021-இல் ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆர் தேர்வு நின்றது, 2022-இல் மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வு நின்றது. நல்லதோ கெட்டதோ, "எத்தனை ஏ?" என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை எந்தப் பாட்டியாலும் புரிந்துகொள்ள முடிந்தது. அந்த இடத்தில் வகுப்பறை மதிப்பீடும் ஆண்டிறுதித் தேர்வான உவாசாவும் வந்தன. இரண்டும் பள்ளிக்குள்ளேயே நடந்து முடிகின்றன. யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்லாவிட்டால், ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வு நெருங்கும்வரை வீட்டுக்கு ஒன்றும் தெரியாமலே போகக்கூடும்.

இன்று எல்லாப் பள்ளியும் முதலில் கையில் எடுப்பது புலனக் குழு, அதாவது வாட்ஸ்அப் குழு. செலவில்லை, ஒரே அழுத்தலில் முப்பது நாற்பது வீட்டுக்குப் போய்விடுகிறது. நாளைக்கு வெள்ளத்தால் பள்ளி இல்லை, பஸ் ஒரு மணிக்கு வராது போன்ற சேதிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. இந்த வேலைக்கு நான் புலனத்தையே முதலிடத்தில் வைப்பேன்.

சிக்கல் அதற்கு அப்பால்தான். ஓர் அறிவிப்பு வந்ததும் "பாய்க் சிக்கு, தெரிமா காசி" (சரி டீச்சர், நன்றி) என்று இருபது பதில்கள் வரிசையாக விழும். இரவு வேலை முடிந்து வரும் அப்பா கைப்பேசியைத் திறக்கும்போது அறிவிப்பு மேலே எங்கேயோ போயிருக்கும். பதிவுப் பாரத்தில் கொடுத்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அவர் ஜொகூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருப்பார். பிள்ளையோடு இருக்கும் அம்மா குழுவிலேயே இல்லை. பெற்றோர் வெளியூரில் வேலை செய்து, பிள்ளை பாட்டி வீட்டில் வளர்ந்தால் நிலைமை இன்னும் கடினம். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது, 2ஜி மட்டும் மிச்சம் வைக்கப்பட்டது. பாட்டியின் பொத்தான் கைப்பேசியில் அழைப்பு வரும், புலனம் வராது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது குழுவில் நிலவும் மௌனம். ஆசிரியர் நல்ல மலாயில் நீளமாக எழுதுகிறார். நம் அம்மாக்களில் பலருக்குப் பேச்சு மலாய் சரளமாக வரும், சந்தையில் சண்டை போட்டு விலை குறைப்பார்கள். எழுதச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடும். பிழையாக எழுதினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். கேள்வி இருந்தும் கேட்பதில்லை. பள்ளியின் பக்கத்தில் இது எப்படித் தெரிகிறது? இந்தப் பெற்றோருக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று தெரிகிறது. அக்கறை நிறைய இருக்கிறது. அதைக் காட்ட அந்த வழி இடம் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாதவர்களின் பெயர்ப் பட்டியல், புள்ளிப் பட்டியல் இவற்றைக் குழுவில் போடவே கூடாது. எந்த நல்ல நோக்கத்தோடு போட்டாலும் சரி. ஒரு பிள்ளையின் குறையை நாற்பது வீட்டுக்குச் சொன்ன பிறகு அந்த வீட்டோடு பேச்சு தொடங்க வழியே இல்லை.

கல்வி அமைச்சின் இணைய வாசல் நேர் எதிரானது. முன்பு சாப்ஸ், இப்போது ஐடிமீ. உங்கள் பிள்ளையின் விவரத்தை நீங்கள் மட்டும் பார்க்கிறீர்கள், யாரும் தொலைக்க முடியாது, யாரும் திருத்திக் காட்ட முடியாது. பதிவாக வைத்துக்கொள்ள இதுதான் நம்பகமானது. அங்கே பார்ப்பது என்ன என்பதுதான் கேள்வி. வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை. 3 என்றால் பிள்ளை அறிந்து, புரிந்து, செய்தும் காட்டுகிறது, அடிப்படையை எட்டிவிட்டது என்று பொருள். பார்க்கும் அப்பாவோ ஆறுக்கு மூன்று, ஐம்பது விழுக்காடு என்று கணக்குப் போட்டுப் பிள்ளையைத் திட்டுகிறார். 2 வாங்கிய பிள்ளைக்கு உடனே கைகொடுக்க வேண்டும், ஆனால் "ஃபெயில்" என்ற சொல் எங்கேயும் இல்லாததால் அங்கே பயம் வருவதில்லை. எண் வந்து சேர்ந்தது, பொருள் வந்து சேரவில்லை. அதோடு அது ஏற்கெனவே முடிந்துபோன பருவத்தைப் பற்றிய சேதி. கணக்குத் திறந்து கடவுச்சொல்லைக் காப்பாற்றும் பெற்றோருக்கு இது நல்ல துணை. முதல் வழியாக இதை நம்பக் கூடாது.

கடிதத்தைப் பழைய வழி என்று ஒதுக்குகிறார்கள். பைக்கு அடியில் கசங்கிக் கிடக்கும், பிள்ளையே கையெழுத்துப் போட்டுவிடும் என்பதெல்லாம் உண்மை. பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் அஞ்சலில் வரும், ஆனால் குடும்பம் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு டவுனில் மலிவு வீட்டுக்கு மாறிப் போயிருக்கும், கடிதம் பழைய தோட்ட முகவரியில் நிற்கும். இருந்தும் ஓரிடத்தில் கடிதத்தை எதுவும் வெல்ல முடியாது: கையெழுத்து தேவைப்படும் இடம். 1996 கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு கிடைக்க வழி உண்டு. இந்தச் சேதியைப் புலனத்தில் போட்டால் கட்டை விரல் படம் வரும். கட்டை விரலை வைத்துக்கொண்டு வகுப்பு திறக்க முடியாது. பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்தோடு தாளில் வர வேண்டும். முதலாம் படிவப் பதிவு நாளன்றே அந்தத் தாளைப் பெற்றோர் கையில் நேராகக் கொடுத்து நிரப்பி வாங்கிவிட்டால் பை வழியே போகும் ஆபத்தும் இல்லை.

பெற்றோர் பள்ளிக்கு வந்து ஆசிரியரைப் பார்க்கும் திறந்த நாளுக்கு வருகிறேன். காகிதத்தில் பார்த்தால் இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே உட்காருகிறார்கள், நடுவில் பிள்ளையின் பயிற்சிப் புத்தகம் திறந்திருக்கிறது. அப்படி ஐந்து நிமிடம் பேசினால் கிடைப்பது ஓராண்டுப் புலனச் சேதியில் கிடைக்காது. தோட்டத்து வீடுகளுக்கு மட்டும் இதன் விலை அதிகம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், வாரம் ஆறு நாள் வேலைக்கு அது ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். சனிக்கிழமை காலையில் திறந்த நாள் வைத்தால், நாள்கூலிக்காரர் அந்தப் பணத்தை இழந்துதான் வர வேண்டும். ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை என்றால் கூடுதல் நேரக் காசும் போகும். இரண்டு பிள்ளைக்கு இரண்டு பள்ளி என்றால் இரண்டு நாள். வராத பெற்றோரைப் பற்றிப் பேசும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ஆசிரியர் சொல்வது முழுதாகப் புரியாதபோது அம்மா பக்கத்தில் திரும்பிப் பிள்ளையைத்தான் கேட்கிறார். தன் குறையைத் தானே மொழிபெயர்க்கும் பொறுப்பு பிள்ளைக்கு வருகிறது. "டீச்சர் என்னடா சொல்றாங்க?" "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்னு சொல்றாங்கம்மா." ஆசிரியர் சொன்னது இரண்டு மாதமாகக் கணக்குப் புத்தகமே கொண்டுவரவில்லை என்பது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை, எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அந்த நாற்காலியில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பள்ளியின் தமிழாசிரியர் ஒருவரால் எல்லா வகுப்புக்கும் ஓட முடியாது. சங்கத்திலிருந்து மூன்று நான்கு பேர் அன்று காலை உட்கார்ந்தால் போதும். வேறு வீட்டு விவரம் காதில் விழும் என்பதால், நா காக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பள்ளி முதல்வர் தேர்ந்தெடுக்கட்டும்.

திறந்த நாளைப் பள்ளிக்கு வெளியேயும் வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. தோட்டத்தில் முன்பு விடியற்காலைப் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள், அன்றைய சேதி அங்கேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பள்ளியும் அப்படிக் குடும்பங்கள் கூடும் இடத்துக்கு வரட்டும். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மாலை, கோயில் மண்டபத்திலோ தோட்டத்துப் பொதுமண்டபத்திலோ, முதலாம் படிவ வகுப்பாசிரியர்கள் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்தால், பள்ளி வாசலைக் கண்டு தயங்கும் பாட்டிகூட வந்து நிற்பார்.

இப்போது தொலைபேசி. எல்லாரும் ஆசிரியருக்கு வேலைச்சுமை என்று சொல்லி ஒதுக்கும் வழி. சுமை உண்மைதான், அதனால் கணக்கோடு பேசுவோம். வகுப்பில் 35 பேர், வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 175 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதைத் தவணைக்கு ஒருமுறை, இரண்டு வாரத்தில் பரப்பிச் செய்யலாம். எல்லாப் படிவத்துக்கும் வேண்டாம், புதுமுக வகுப்புக்கும் முதலாம் படிவத்துக்கும் மட்டும் போதும். இடறி விழுவது அங்கேதான்.

பிள்ளையைப் பற்றிய சேதிக்கு இதை நான் ஏன் முதலிடத்தில் வைக்கிறேன்? எழுத்து மலாய் வராத அம்மாவுக்குப் பேச்சு மலாய் வரும் என்று சொன்னேன் அல்லவா, அழைப்பில் அந்தத் தடை உடைகிறது. வகுப்பாசிரியர் மலாய்க்காரராக இருந்தாலும், சீனராக இருந்தாலும், இரண்டு பேரும் சந்தை மலாயில் பேசிக்கொள்ளலாம். கேட்கும் குரலிலேயே அம்மாவுக்குப் புரிந்ததா என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், மறுபடி சொல்லலாம். பொத்தான் கைப்பேசிக்கும் அழைப்பு போகும். சம்பளம் வெட்டுப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலிருந்து பள்ளிக்கும் சேதி போகிறது: அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, வீட்டில் படிக்க இடமில்லை, பஸ் காலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறது. மற்ற நான்கு வழிகளில் இதற்கு வாய்ப்பு குறைவு, திறந்த நாளில் பின்னால் வரிசை நிற்கும்போது யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. முதல் அழைப்பு நல்ல சேதியோடு வர வேண்டும். நம் வீடுகளில் பள்ளி எண் அடித்தாலே நெஞ்சு படபடக்கும், கட்டொழுங்கு ஆசிரியர்தான் அழைப்பார் என்று பழகிவிட்டோம். "பயப்படாதீங்கம்மா, ஒன்னும் இல்ல. உங்க மக அறிவியல் வகுப்புல நல்லா கேள்வி கேக்குறா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." பள்ளி தொடங்கிய முதல் மாதத்தில் இப்படி ஓர் அழைப்பு வந்த வீடு, ஆறு மாதம் கழித்துக் கெட்ட சேதி வரும்போது ஆசிரியரை நம்பும். அந்த நம்பிக்கை இல்லாமல் முதல் அழைப்பே குற்றப்பட்டியலாக வந்தால், அடுத்த முறை எண்ணைப் பார்த்ததும் எடுக்கமாட்டார்கள்.

அழைக்க நேரமே இல்லாத ஆசிரியருக்கு ஒரு நடுவழி இருக்கிறது, குரல் பதிவு. ஒரு நிமிடம் பேசிப் புலனத்தில் தனியாக அனுப்பலாம், அம்மா இரண்டு முறை கேட்கலாம், லாரியில் இருக்கும் அப்பாவுக்கு அப்படியே தள்ளிவிடலாம், பதிலையும் குரலிலேயே அனுப்பலாம். எழுத்துக் கூச்சம் இங்கே இல்லை. தொலைபேசிக்கு அடுத்த இடம் இதற்கே.

ஆகவே எங்கள் சங்கத்தில் நான் முன்வைக்கப்போவது இது. புலனக் குழுவில் பள்ளி மட்டும் எழுதட்டும், பெற்றோர் பதிலைப் பூட்டிவிடலாம், தேதியும் அவசரமும் மட்டும் அங்கே வரட்டும். கையெழுத்துக்குக் கடிதம். அடைவுநிலை எண்ணுக்கு விளக்கம் எழுதிய ஒரு தாள், தமிழிலும் மலாயிலும், திறந்த நாளன்று கையில். பிள்ளையைப் பற்றிய சேதிக்கு முதல் மாத அழைப்பு. இதில் எதற்கும் புதிதாகப் பணம் தேவையில்லை. பதிவுப் பாரத்தில் மட்டும் ஒரு மாற்றம் வேண்டும்: இரண்டாவது எண்ணுக்கு ஓர் இடம், எந்த எண்ணை முதலில் அழைக்கலாம், எத்தனை மணிக்கு அழைக்கலாம், எந்த மொழியில் பேசலாம் என்று மூன்று கட்டங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே இதை எழுத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த சேர்க்கைக்குள் புதிய பாரம் அச்சாகிவிடும்.