ராடு பிரேக் சைக்கிளும் ஆடிக்காற்றும்: நாஞ்சில் நாட்டில் ஒன்பது வருடம்

இந்தச் சைக்கிளை 2016 புரட்டாசியில் நாகர்கோவில் கோட்டாற்றில் வாங்கினேன். இருபத்திரண்டு அங்குல ஃபிரேம், கறுப்பு நிறம், ஒயருக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் ராடு பிரேக், முழுச் செயின் கவர், ஒரு மூட்டை அரிசி தாங்கும் கேரியர், இரண்டு கால் ஸ்டாண்டு. விலை நாலாயிரத்துச் சில்லறை. பில் போடும்போது கடைக்காரர் கேட்டார்: "யாருக்கு தம்பி, அப்பாவுக்கா?" எனக்குத்தான் என்றதும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெல்லுக்குக் காசு வாங்கவில்லை.

அதற்கு முன்னால் இருபத்தொரு கியர் வைத்த சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். இரண்டு வருடத்தில் நான் பயன்படுத்தியது மூன்று கியர். மிச்சப் பதினெட்டும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கத்தான் இருந்தன. பின் சக்கரத்தில் தொங்கும் அந்தக் கியர் மாற்றியில் மணக்குடி மணல் புகுந்தால், ஒவ்வொரு மிதிக்கும் வெண்டைக்காய் ஒடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தக்கலைப் பக்கம் இருக்கிறான், அங்கே அது தேவைப்படும்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டம் முழுக்கச் சமதரை கிடையாது. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண் மேடும் பள்ளமும்தான். ஒரு விளையில் ஏறி இன்னொரு விளையில் இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். சமதரை என்றால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள், அதாவது நாஞ்சில் நாட்டு வயல்கள். நடுவே பழையாறு சுசீந்திரத்தைத் தொட்டுக்கொண்டு போய் மணக்குடியில் கடலில் விழுகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் இதை டெல்டா என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நியாயம்தான். அங்கே ஆறே பல கிளையாகப் பிரிகிறது, இங்கே பிரிந்தது சானல்கள் என்கிற வாய்க்கால்கள்தான். ஆனாலும் சைக்கிள் மிதிக்கிறவன் காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கண்ணுக்கெட்டியவரை ஏலா என்கிற வயல்வெளி, அதில் கோடு கிழித்ததுபோலக் கரை, கரை முடிகிற இடத்தில் ஒரு குளம். இந்தச் சைக்கிளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த நிலத்துக்கு மட்டும்தான்.

மேடு இல்லாத ஊரில் சைக்கிள் ஓட்டுவது சுகம் என்று நானும் நினைத்திருந்தேன், 2017 ஆடி வரைக்கும். அந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பினேன். பதினைந்து கிலோமீட்டர் சுமாருக்கு வரும். சைக்கிள் தானாகவே ஓடியது. தோவாளை பூச்சந்தையைத் தாண்டும்போது நான் மிதிக்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒன்பது மாதப் பழக்கம், கால் தேறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. ஆரல்வாய்மொழியில் ரசவடையும் சாயாவும் முடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். அப்போதுதான் காற்றாடிகள் எல்லாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பது கண்ணில் பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கிப் புகுந்து வெளியேறும் வாசல் அது. அதனால்தானே அங்கே முப்பந்தல் வரை காற்றாலை நட்டிருக்கிறார்கள். போகும்போது முக்கால் மணி, வரும்போது இரண்டரை மணி. பாதி வழி உருட்டிக்கொண்டு வந்தேன். தோவாளையில் சும்மா நிற்க வெட்கப்பட்டு அரைக்கிலோ பிச்சிப்பூ வாங்கினேன். வீட்டில் அதற்கும் ஏச்சு.

ராடு பிரேக் சைக்கிளில் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார முடியும். நெஞ்சு முழுக்கப் பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போகும்போது எதிரே இருபது கிலோமீட்டர் காற்று அடித்தால், உடம்பில் மோதுவது முப்பத்தைந்து. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கக் கணக்கில் கூடும், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். மலை என்றால் ஏறி முடித்தபின் ஓர் இறக்கமாவது கிடைக்கும். காற்றுக்கு உச்சி கிடையாது.

இதற்கு நான் செய்த ஒரே மாற்றம் பின்னால் இருக்கும் ஃபிரீவீல் என்ற பல்சக்கரம்தான். வாங்கும்போது முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. பின்னால் மட்டும் 20 பல் போட்டுக்கொண்டேன். முன்பு பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் அளவுக்கு ஓடிய சைக்கிள், இப்போது ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடுகிறது. அரை மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். எதிர்காற்றில் இறங்கி உருட்டுவதற்கும் உட்கார்ந்தே வருவதற்கும் நடுவில் இருப்பது அந்த அரை மீட்டர். செலவு சாயாக்காசு அளவுதான். புதிதாக வாங்குகிறவர்கள் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

மிச்சத்தை நேரம் பார்த்துச் சமாளிக்கலாம். ஆனி, ஆடியில் விடிவதற்கு முன் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு அது காற்றின் நேரம். மற்ற மாதங்களில் காற்றே உதவிக்கு வரும். விடியற்காலையில் கரையில் இருந்து கடலுக்கு ஒரு மெல்லிய காற்று போகும், பதினொரு மணிவாக்கில் கடலில் இருந்து திரும்ப அடிக்கத் தொடங்கும். ஆறு மணிக்குக் கடலைப் பார்த்துப் போய், பதினொன்றரைக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட ஆள் உண்டு. கட்டுமரக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை.

அப்படி நான் அதிகம் போன வழி: நாகர்கோவில், பறக்கை, தெங்கம்புதூர், மேலமணக்குடி, பாலத்தைத் தாண்டிக் கீழமணக்குடி, சாமிதோப்பு, தாமரைகுளம், சுசீந்திரம், வீடு. முப்பது கிலோமீட்டர் சுமார் இருக்கும். நேரம் இருந்தால் தேரூர் குளத்துக்கும் ஓர் எட்டு. அரை நாளுக்கு இது தாராளம். இரண்டு மணி நேரத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தச் சைக்கிள் வேண்டாம்.

வழி ஒன்றுதான் என்றாலும் மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். இங்கே வருடத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். புரட்டாசியில், அதாவது கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ. மாசியில், கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. கன்னிப்பூவுக்குப் பேச்சிப்பாறையில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் சானலைத் தூர்வாரி, சகதியை அள்ளிக் கரையிலேயே போட்டுவிடுவார்கள். அந்த ஒரு மாதம் சானல்கரையில் சைக்கிள் போகாது, தோளில் தூக்கத்தான் வேண்டும். 1906இல் கட்டி முடித்த அணை; அந்தத் தண்ணீர் இன்றைக்கும் கரை ஓரமாக நம் கூடவே நடை வேகத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது வேறு சுகம். தண்ணீரை முந்தாமல் போவது என்று ஒருநாள் பந்தயம் வைத்துப் பார்த்தேன். சைக்கிள் சாய்ந்துவிட்டது.

அறுப்புக் காலத்தில் வைக்கோலை ரோட்டில் காயப்போடுவார்கள். கார்க்காரர்கள் திட்டுவார்கள். அதன்மேல் சைக்கிள் ஓட்டினால் மெத்தை மாதிரி இருக்கும், ஆனால் பின் சக்கரத்தின் குடத்தில் வைக்கோல் கயிறாக முறுக்கிக்கொள்ளும். முழுச் செயின் கவர் இருப்பதால் செயினுக்குள் போகாது. கியர் சைக்கிளில் அன்றைக்குப் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஒன்பது வருடத்தில் நிலமும் மாறிவிட்டது. நெல் இருந்த இடத்தில் வாழையும் தென்னையும், பிறகு கல் நட்ட மனைகளும். இதை எல்லாரும் கண்ணால் பார்க்கிறார்கள், எனக்குக் காலில் தெரிகிறது. முன்பு பறக்கை தாண்டியதும் ஒரு நீட்டுக்குக் காற்று அறைந்துகொண்டே வரும். இப்போது நடுநடுவே காற்று நின்றுவிடுகிறது. வாழைத்தோப்பு மறைக்கிறது, மதில் மறைக்கிறது. மிதிப்பது லேசாகிவிட்டது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

தேரூரில் குளத்தங்கரையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் இருக்கலாம். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, தை மாதம் போனால் மஞ்சள்மூக்கு நாரை. 2022இல் சுசீந்திரம் தேரூர் குளங்களை உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருடம் வேம்பனூர் குளத்தையும். கவிமணி பிறந்த ஊர் இது. பறவை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சைக்கிளில் ஒரு வசதி: சத்தம் இல்லை. குறை: நிறுத்தும்போது ராடு பிரேக் கிறீச்சிடும், பாதிப் பறவை பறந்துவிடும். இருபது அடிக்கு முன்னாலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு உருளவிடப் பழகிக்கொண்டேன்.

ஆறு கடலில் சேரும் மணக்குடிப் பொழியில் 2004 சுனாமி பழைய பாலத்தைத் தூக்கி எறிந்தது. இப்போதைய பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயலும் அலையாத்திச் செடிகளும், கதம்பை என்கிற தேங்காய் மட்டை ஊறும் வாடையும். அந்த வாடை முதலில் மூக்கைப் பொத்தவைக்கும், நாலாவது தடவை அது இல்லாவிட்டால் மணக்குடி வந்ததாகவே தோன்றாது. பாலத்தில் சைக்கிளோடு நின்ற என்னிடம் மீன் விற்கும் பாட்டி ஒருவர் கேட்டார்: "மக்களே, பைக்க வித்துட்டியா?" இல்லை பாட்டி, வீட்டில் நிற்கிறது என்றேன். "பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?" பதில் சொல்லத் தெரியாமல் சாளை வாங்கிக்கொண்டு வந்தேன். சாளை இருந்த பையைக் கேரியரில் கட்டி, பதினொரு மணி வெயிலில் தாமரைகுளம் வழியாக வந்தது இன்னொரு பாடு.

இனி உப்பு. புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களை ஒட்டிப் போகிற ரோட்டில் பூநாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் நிற்க மனசு வராது? நிற்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ரிம், போக்ஸ் கம்பி, ஹேண்டில்பார் மூன்றையும் துடைக்கவேண்டும். முதல் இரண்டு வருடம் நான் துடைக்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரே மாதத்தில் பின் சக்கரத்தில் நாலு போக்ஸ் ஒடிந்தது. கோட்டம் எடுக்கப் போனபோது கடை அண்ணாச்சி ஒடிந்த கம்பியை என் கையில் தந்து, "உப்பளத்துலயா கொண்டு கட்டிப் போடுதிய?" என்றார். இரண்டு சக்கரத்துக்கும் துருப்பிடிக்காத கம்பி மாற்றிக் கோர்த்தோம். அதற்குப் பிறகு ஒன்றுகூட ஒடியவில்லை. ரிம்மில் குரோம் முலாம் மட்டும் அம்மைத் தழும்புபோல உரிந்திருக்கிறது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்பதால் நானும் போட்டேன். ஒரு வாரத்தில் புழுதியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு மழையில் கழுவிப்போகும். வண்டி எஞ்சின் ஆயிலைக் கொஞ்சமாக விட்டு, துணியால் நன்றாகத் துடைத்தால் போதும்.

பெரிய குறை பிரேக்தான், மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். குரோம் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை சோப்பைப் பிடித்ததுபோல வழுக்கும். இந்த மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சமதரையில் மெதுவாகப் போகிறவன் காலை ஊன்றியாவது நின்றுவிடலாம், தக்கலைப் பக்கத்து இறக்கத்தில் மழைநாளில் இதை எடுத்துப்போவது ஆகாத வேலை. அடுத்தது பெடல் தண்டை அச்சோடு பிடித்துவைக்கும் காட்டர் பின். பெடல் சுற்றும்போது ஒரு பக்கம் மட்டும் "டக்" என்று தட்டினால் பின் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளிப்போட்டால் அச்சையே தின்றுவிடும். ஒன்பது வருடத்தில் ஐந்து தடவை மாற்றியிருக்கிறேன். தோல் சீட்டு முதல் மூன்று மாதம் படுத்தியது, பிறகு பழகிவிட்டது. மழையில் நனையவிட்டால் தொட்டில் மாதிரி தொங்கிவிடும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் பை எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும். எடை இருபது கிலோவுக்கு மேல். மாடியில் குடியிருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள்.

பங்சர்? தடித்த டயர் என்பதால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. உடைமுள் பக்கம் போகாமல் இருந்தால் அதுவும் இல்லை.

இப்போதைய கவலை பிரேக் கட்டை. ராடு பிரேக்குக்கான கட்டை கேட்டால் புதுக் கடைகளில் அது என்ன என்று திருப்பிக் கேட்கிறார்கள். போன தடவை அண்ணாச்சி தன் பெட்டியைத் துழாவிக் கடைசி ஜோடியைப் போட்டுத் தந்தார். பின் ஜோடி பாதி தேய்ந்துவிட்டது. கோட்டாற்றில் பழைய கடை ஒன்றில் இருக்கிறதாம், சனிக்கிழமை போய் இருப்பதை எல்லாம் வாங்கிவந்துவிடவேண்டும்.